கமக்காரன் உடல்நலமும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)

 

உழவின் பெருமையைப் பேசாத விழா நம்மூரில் இல்லை. உழவனைப் பாடாத பொங்கல் மலரும் இல்லை. ஆயினும், அப்பெருமைக்குரிய கமக்காரன் பொழுதுபட வீடு திரும்பும்போது, அவன் கை எரிகின்றதா, கண் மங்குகின்றதா, கால் வெடிப்பிற் சேறு புகுந்ததா என்று கேட்பவர் எத்தனைபேர்? பெருமை பேசுதல் எளிது. நலம் விசாரித்தல் அரிது. இன்று நாம் அந்த அரிய செயலையே சிறிது செய்து பார்க்க விரும்புகின்றோம். கமக்காரரும் கமக் கூலியாட்களும் தம் தொழிலால் அடையும் உடற்கேடுகள் யாவை? அவற்றைத் தடுப்பதில் நம்மைப் போன்ற இளைஞர்க்குள்ள பங்கு யாது? இவ்விரண்டுமே எமது பேச்சின் பொருள்.

சர்வதேசத் தொழில் தாபனம் உலகில் மிக ஆபத்தான தொழில்கள் மூன்று என்கின்றது. ஒன்று சுரங்கத் தொழில், மற்றொன்று கட்டட வேலை, மூன்றாவது கமத்தொழில். சுரங்கம் ஆபத்தானது என்பது குழந்தைக்கும் தெரியும். பச்சைப் பசேலென்ற மிளகாய்த் தோட்டமும் அதே வரிசையில் நிற்கின்றது என்றால் நம்ப மனம் வருவதில்லை. தொழிற்சாலையிலே பரிசோதகர் வருவார், விபத்து நேர்ந்தாற் பதிவு உண்டு, நட்டஈடும் உண்டு. தோட்டத்திலோ கமக்காரனே முதலாளி, கமக்காரனே தொழிலாளி. அவன் மயங்கி விழுந்தால் அதைக் கண்டவை பனைமரங்களே. 2001 ஆம் ஆண்டிற் கமத்தொழிலிற் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றி 184 ஆம் இலக்கச் சமவாயம் ஒன்றை அத்தாபனம் நிறைவேற்றியது. ஆனால் சமவாயம் செனீவாவில் இருக்கின்றது. செம்பாட்டு மண் இங்கே இருக்கின்றது. இடையே உள்ள தூரத்தை நடந்து கடப்பவர் யார்?

இக்கேள்வி எமக்கு ஏன் எழுந்தது என்பதைச் சொல்ல எமது வீட்டுக் கதையொன்றைக் கூறவேண்டியுள்ளது. பொறுத்தருள்க.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலை. எமது சின்னையா மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கச் சென்றார். நாம் அப்போது உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தோம். சின்னையா சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன், ஒழுகும் தெளிகருவியை முதுகிற் சுமந்து, காற்றுக்கு எதிரே நடந்து மருந்தடித்தார். வாளியிற் கலக்கியதும் கையினாலேதான். பத்துமணியளவில் வீடு வந்து திண்ணையிற் சாய்ந்தார். வியர்வை ஆறாய் ஓடிற்று. வாயில் நீர் ஊறி வழிந்தது.

“ஒண்டுமில்லைத் தம்பி, வெயில் பிடிச்சிட்டுது. தேசிக்காய்த் தண்ணி கரைச்சுத் தா” என்றார்.

நாமும் கரைத்துக் கொடுத்தோம். விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தோம். நஞ்சில் நனைந்த சட்டை அவர் முதுகோடு ஒட்டியபடியே கிடந்தது. அதைக் கழற்றவேண்டும் என்ற எண்ணம் இரசாயனம் படித்த எமக்கு வரவில்லை. அரைமணி கழிந்தது, வாந்தி தொடங்கிற்று, மூச்சு இழுத்தது. பிறகுதான் ஓட்டோ பிடித்து ஓடினோம்.

வைத்தியசாலையிலே தாதியார் முதலிற் செய்த வேலை, அச்சட்டையை வெட்டியெடுத்து முதுகைச் சவர்க்காரமிட்டுக் கழுவியதே. வைத்தியர் கண்ணைத் திறந்து பார்த்தார். கண்மணி குண்டூசித் தலைபோற் சுருங்கியிருந்தது.

“என்ன மருந்தடிச்சவர்? போத்தலைக் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டார்.

நாம் நீட்டியது ஒரு சோடாப் போத்தல். பெரிய போத்தலிலிருந்து அன்றைய தேவைக்கு ஊற்றி எடுத்துச் சென்றது அது. அதில் எழுத்தொன்றும் இல்லை. மூலப் போத்தலை எடுத்துவர நாம் மீண்டும் வீட்டுக்கு ஓடினோம். கொட்டிலின் மூலையில் அது தூசி படிந்து கிடந்தது. வரும் வழியில் அதன் சுட்டுத்துண்டை முதன்முறையாக வாசித்தோம். கையுறை அணிக, காற்றுக்கு எதிரே தெளியற்க, உடலிற் பட்டாற் சவர்க்காரமிட்டுக் கழுவுக, நஞ்சேறின் இச்சுட்டுத்துண்டை வைத்தியருக்குக் காட்டுக. எல்லாம் நல்ல தமிழில், சிறிய எழுத்தில் இருந்தன. எமது கொட்டிலில் அப்போத்தல் ஒரு வருடமாக நின்றது.

சின்னையா ஐந்து நாள் கிடந்து பிழைத்து வந்தார். வந்தவர் எம்மை ஏசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “நீ படிச்ச பிள்ளை. ஒரு நாளெண்டாலும் அந்தக் கடுதாசியை எனக்கு வாசிச்சுச் சொன்னனியோ?”

சபையோரே! அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றைய பேச்சு அதற்குத் தேடிய விடையே.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். நாம் நஞ்சை நஞ்சு என்று சொல்வதில்லை, மருந்து என்கின்றோம். மருந்து வாங்கினேன், மருந்து கலந்தேன், மருந்தடித்தேன் என்கின்றோம். மருந்து என்று பெயரிட்டபின் அச்சம் எங்கிருந்து வரும்? பயிருக்கு மருந்தானது அடிப்பவனுக்கும் மருந்தாகுமா? பூச்சிகொல்லிகளிற் சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் என ஒரு கூட்டம் உண்டு. நமது நரம்புகள் செய்தி அனுப்புவதற்கு அசற்றைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் அப்பொருளை ஒரு நொதியம் அழித்துவிடும். இந்நஞ்சு அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடுகின்றது. அதனாற் செய்தி ஓயாமல் ஒலிக்கின்றது, வியர்வையும் எச்சிலும் பெருகுகின்றன, கண்மணி சுருங்குகின்றது, இறுதியில் மூச்சுத் தசைகள் சோர்கின்றன. பூச்சியைக் கொல்லும் வழியும் இதுவே. மனிதனை வீழ்த்தும் வழியும் இதுவே. அது வாயால் மட்டும் உட்புகுவதில்லை. தோலால் உட்புகும்; மூச்சால் உட்புகும். வெயிலில் வியர்த்த தோலும், முள் கிழித்த தோலும் அதற்குத் திறந்த கதவுகள்.

எனவே செய்யவேண்டியவை பெருஞ்செலவானவை அல்ல. நீண்ட கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, இறப்பர்க் கையுறை, மூக்கையும் வாயையும் காக்கும் மூடி, காலுக்குச் சப்பாத்து. ஒழுகும் தெளிகருவியை ஒழுக்கு நீக்கிய பின்பே முதுகில் ஏற்றுதல். கலக்குவதற்கு ஒரு தடி. காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கிய வேளையில், காற்றை முதுகுக்குப் பின் விட்டு அடித்தல். அடைத்த குழாய்முனையை வாயால் ஊதாதிருத்தல். வேலை முடியும்வரை வெற்றிலை போடாமலும் சுருட்டுப் பிடியாமலும் இருத்தல். முடிந்ததும் குளித்து, உடுப்பை வேறாகத் தோய்த்தல். நனைந்த உடுப்போடு ஒரு நிமிடமும் இராதிருத்தல். சோடாப் போத்தலில் நஞ்சை ஊற்றுவதை இவ்வூரிலிருந்தே ஒழித்துவிடவேண்டும். தாகத்தோடு வரும் குழந்தைக்குப் போத்தலின் வடிவந்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

நஞ்சை வீட்டில் வைத்திருப்பதைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நமது நாட்டின் அனுபவம் உலகத்துக்கே பாடமாக உள்ளது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணைகொண்டு, கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1984 இற் பரத்தியோனும், 1995 இல் மொனோகுரோட்டோபொசு, மெத்தமிடோபொசு என்பனவும், 1998 இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. 2008 முதல் 2011 வரையிற் பரகுவாற்றும் வேறு சிலவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அடுத்த இருபதாண்டுகளில் அத்தொகை மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. மனம் நொந்த ஒரு நாழிகையிற் கொடிய நஞ்சு கைக்கெட்டாதிருந்தமையால் ஆயிரமாயிரம் பேர் இன்று தம் மக்களோடு வாழ்கின்றனர். விளைச்சலும் அதனாற் குறையவில்லை என்று ஆய்வாளர் கண்டனர்.

அப்படியாயிற் பெட்டியில் வைத்துப் பூட்டினாற் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகளைக் கொடுத்து ஆராய்ந்தனர். 2017 இல் முடிவு வெளிவந்தது. பெட்டி பெற்ற ஊர்களில் நஞ்சருந்துதல் குறையவில்லை. பூட்டு குழந்தையைத் தடுக்க வேண்டியதே. ஆனால் துயருற்ற பெரியவரின் கையிலேயே திறப்பு இருக்கின்றதன்றோ? ஆதலின் வேண்டிய அளவு மட்டும் வாங்குவோம். மிச்சத்தை வீட்டிற் சேர்த்துவையாதிருப்போம். அயலிலே முகம் வாடியவர் இருந்தால் அருகே அமர்ந்து பேசுவோம். இம்மூன்றும் பெட்டியினும் வலிய காவல்.

தோட்டத்தை விட்டு வயலுக்கு வருவோம். இத்தாலி தேசத்திலே இராமசினி என்றொரு வைத்தியர் இருந்தார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் 1700 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு, “உன் தொழில் யாது?” என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்க என்று அவர் வற்புறுத்தினார். அந்த ஒரு கேள்வி எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு எலிக்காய்ச்சலே சான்று.

எலியும் மாடும் நாயும் கழிக்கும் சிறுநீரோடு வெளிவரும் நுண்கிருமி, வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிர்வாழும். 1915 இற் சப்பானிய அறிஞர்களான இனாடாவும் இடோவும் அதனைக் கண்டறிந்தனர். கால் வெடிப்பாலும், கீறல் காயத்தாலும், கண்ணாலும் அது உட்செல்லும். பெரும்பாலும் ஒரு கிழமை, இரு கிழமை கழித்துக் காய்ச்சல் எழும்; தலை இடிக்கும்; கெண்டைக்கால் தொடமுடியாமல் நோகும்; கண் சிவக்கும். கவனியாது விட்டாற் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதுறும். 2008 இல் இந்நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 2024 மார்கழியில், வெள்ளம் வடிந்த கையோடு, நமது குடாநாட்டிலேயே என்ன காய்ச்சல் என்று அறியாமற் சிலர் மாண்டனர்; பின்பே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. காய்ச்சலுக்கு இரண்டு குளிசை வாங்கிப் போட்டு மூன்று நாள் பார்ப்போம் என்பது நம்மவர் வழக்கம். அந்த மூன்று நாளே இங்கு உயிரின் விலை. காலத்தோடு சென்றால் இந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. ஆதலின் வயலில் இறங்கியவர் காய்ச்சலுற்று வைத்தியசாலைக்குச் சென்றால், வைத்தியர் கேளாவிடினும், “நான் வயலிலே நிண்டனான்” என்று தாமே முதலிற் சொல்லவேண்டும்.

சேற்றிலே சப்பாத்தோடு நடக்கமுடியுமா என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. முடியாது. ஆயினும் காயத்தை மூடிக் கட்டலாம். வயலால் ஏறியதும் நல்ல நீரிற் காலைக் கழுவலாம். வயற் காலத்தில் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் தடுப்புக் குளிசையைப் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் இலவசமாகத் தருகின்றார். வேலை தொடங்குமுன்னரே அதனைத் தொடங்குதல் நன்று. கருப்பிணிகளும் சிறுவரும் வைத்தியரைக் கேளாமல் அதனை உட்கொள்ளலாகாது.

வயலின் மற்றைய அச்சம் பாம்பு. அறுவடைக் காலத்திற் புடையன் கதிருக்கிடையே கிடக்கும். எட்டடி விரியனோ இரவில் நிலத்திற் படுத்துறங்குபவரை நோவு தெரியாமலே கடித்துவிடும். கடித்த இடத்தைக் கீறுதலும், உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் நன்மை செய்யா, தீமையே செய்யும். பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் தேவையில்லை. கடியுண்ட காலை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதே மருந்து. அரசினர் வைத்தியசாலைகளில் விஷமுறி மருந்து காசின்றிக் கிடைக்கின்றது. விஷகடி வைத்தியரை நாம் இகழவில்லை, அவரும் நம்மூரவரே. ஆனாற் போகும் வழியில் நேரம் போகின்றது என்பதை அவரும் அறிவார்.

இதுவரை கமக்காரனைப் பற்றியே பேசினோம். அவனிலும் எளியவர் உளர். வெங்காயத் தறையிற் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். நேற்று அத்தறைக்கு மருந்தடித்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இன்றைய கூலியை விட்டுப் போக அவர்களால் இயலாது. மருந்தடித்தபின் எத்தனை காலம் உள்ளே செல்லலாகாது என்பதும் சுட்டுத்துண்டில் எழுதப்பட்டிருக்கும். அதனை வாசித்து அவர்களை மறித்தல் கூலி கொடுப்பவனின் கடமை. சம்பளம் மட்டும் கொடுத்தால் முடிந்ததென்று எண்ணலாகாது. கை கழுவச் சவர்க்காரம், குடிக்க நல்ல தண்ணீர், உச்சி வெயிலில் ஒரு மர நிழல் என்பனவும் கூலியின் பகுதியே. வடமத்திய மாகாணத்திலும் வவுனியாப் பகுதியிலும் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயின் காரணம் பற்றி ஆய்வாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நீரின் தன்மை, நஞ்சுகள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. முடிவு வரும்வரை நல்ல நீரை வேண்டிய அளவு குடிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

சபையோரே! மேற்சொன்னவற்றில் ஒன்றாவது பெரும் பொருட்செலவால் ஆகவேண்டியதா? இல்லை. அறிவு இருக்கின்றது, மருந்து இருக்கின்றது, சட்டமும் இருக்கின்றது. இல்லாதது யாதெனின், அச்சிட்ட எழுத்துக்கும் அதனால் உயிர் பிழைக்கவேண்டியவனுக்கும் இடையே நிற்கும் ஓர் ஆள்.

நாம் மிசன் பாடசாலை ஒன்றிற் படித்தவர்கள். அங்கே எமக்கு வைத்தியர் கிறீன் அவர்களின் வரலாற்றைச் சொல்லித் தந்தார்கள். 1847 இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவை பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்த ஒருவர் நமது மொழியைக் கற்று நமக்கு வைத்தியம் சொன்னார். நாமோ ஒரே வளவிலிருந்து, தமிழிலேயே எழுதிய ஒரு சுட்டுத்துண்டைச் சின்னையாவுக்கு வாசித்துச் சொல்லவில்லை. கல்வி என்பது பட்டம் பெறுவதோடு முடியுமாயின், அக்கல்வியாற் கொட்டிலிற் கிடந்த போத்தலுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டிலும் எழுத்து உண்டு. இரண்டும் வாய் திறவா.

ஆதலின் நமது மன்றத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் மன்ற மண்டபத்தில் விவசாயப் போதனாசிரியரை அழைத்து, கமக்காரர் கொண்டுவரும் போத்தல்களின் சுட்டுத்துண்டுகளை உரக்க வாசித்து விளக்குதல்.

இரண்டாவது, கையுறை, முகமூடி, நல்ல தெளிகருவி என்பவற்றைப் பொதுவில் வாங்கி, வேண்டியவர்க்கு இரவலாகக் கொடுத்தல்.

மூன்றாவது, பெரும்போகம் தொடங்குமுன் பொதுச்சுகாதாரப் பரிசோதகரை ஊருக்கு அழைத்து, தடுப்புக் குளிசைகளை வீடுதோறும் சேர்ப்பித்தல்.

நான்காவது, இலவச நோயாளர் வண்டியை அழைக்கும் 1990 என்ற இலக்கத்தை ஒவ்வொரு கிணற்றடியிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல்.

இவை சிறிய காரியங்கள் என்று சிலர் நகைக்கலாம். சிறியவைதாம். ஒரு சட்டையைக் கழற்றுவதும் சிறிய காரியமே. அதனை உரிய நேரத்தில் நாம் செய்திருந்தால் எமது சின்னையா ஐந்து நாள் மரணத்தோடு போராடியிருக்க வேண்டியதில்லை.

இப்போது அவர் மருந்தடிக்கப் புறப்படும் நாட்களில் எமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். பல்கலைக்கழகத்தில் நின்றால் தொலைபேசியில் அழைப்பார். “தம்பி, புதுப் போத்தல் ஒண்டு வாங்கியிருக்கிறன். தங்கச்சி படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வாசிச்சுச் சொல்லு” என்பார். நாமும் எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்வோம். எமது கல்வியால் இதுவரை விளைந்த பயன் யாது என்று எவரேனும் கேட்டால், அந்தப் பத்து நிமிடத்தையே கூறுவோம்.

சகோதர சகோதரிகளே! இன்று வீடு சென்றதும் உங்கள் கொட்டிலின் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு போத்தல் நிற்கும். தூசியைத் துடைத்து, அதனை எடுத்து, உங்கள் அப்புவுக்கோ அம்மானுக்கோ வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.